“எங்கட ஆட்களுக்கு மாரடைப்பு வராது” என்று குளிசையை மறுக்கும் கணவர்

டென்மார்க்கில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. வடமராட்சியில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் டென்மார்க் போனவர். கணவருக்கு 43 வயது. கிறீன்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரைச் சேர்ந்த வடதுருவப் பழங்குடியான இனுயிட் இனத்தவர். 9 வயதில் மகள், 4 வயதில் மகன். அண்மையில் கணவருக்குச் செய்த இரத்தப் பரிசோதனையில் ‘கெட்ட கொலஸ்ட்ரோல்’ எனப்படும் எல்டிஎல் 5.6 மில்லிமோல் (நம்மூர்க் கணக்கில் ஏறத்தாழ 217 மில்லிகிராம்), ‘நல்ல கொலஸ்ட்ரோல்’ எனப்படும் எச்டிஎல் 1.9, இன்னொரு இரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைட் 0.8. நீரிழிவுக்கான எச்பிஏ1சி சரியான அளவில் இருக்கிறது. மரபணுச் சோதனையில், எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து பிடித்து எடுக்கும் ஏற்பிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் ‘ஜி137எஸ்’ என்ற மாற்றம் இருப்பதாக அறிக்கை வந்தது. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் குளிசை தொடங்கச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்கிறார்.

“பாட்டன் பூட்டன் காலம் முழுக்க சீலும் திமிங்கிலக் கொழுப்பும்தான் எங்கள் சாப்பாடு. எங்கட ஆட்களுக்கு மாரடைப்பு வராது. என் எச்டிஎல்லைப் பார், அது போதும்” என்பது அவர் வாதம். ஆனால் அவருடைய தகப்பனாருக்கு 58 வயதில் பாரிசவாதம். சித்தப்பா ஒருவர் 51 வயதில் படகிலேயே இறந்துபோனவர். குளிராலும் குடியாலும் வந்தது என்று அந்தக் குடும்பம் சொல்கிறது. கணவர் நாளுக்கு ஐந்தாறு சிகரெட் பிடிப்பவர்.

வாசகியின் வீட்டார் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். எல்லாம் அந்தக் கொழுப்புச் சாப்பாட்டால் வந்தது, சோறும் தேங்காயெண்ணெயும் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதை நம்பி அவர் ஒரு வருடமாக வீட்டில் ‘மத்தாக்’ என்னும் திமிங்கிலத் தோலையும் சீல் இறைச்சியையும் நிறுத்தி, மூன்று வேளையும் நம் சாப்பாடும் மீனெண்ணெய்க் கப்சூலும் கொடுத்து வருகிறார். எல்டிஎல் இறங்கவில்லை. இணையத்தில் தேடியபோது இனுயிட் குழந்தைகள் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆபத்தாவது பற்றிப் படித்து மகனை நினைத்துப் பயந்திருக்கிறார். இதற்கிடையில் கிறீன்லாந்து மக்களின் மரபணு ஆய்வு ஒன்றுக்குக் கணவரிடம் இரத்தம் கேட்டிருக்கிறார்கள். மாமியார் கூடவே கூடாது என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, உறவினர் ஒருவர் “வேற்று இனத்தில் கட்டினபடியால்தான் பிள்ளைகளின் இரத்தம் பழுதாகிவிட்டது” என்று சொன்னது அவர் மனதைப் பிடுங்குகிறது. தன் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் 49 வயதில் மாரடைப்பால் இறந்ததைக் கடிதத்தின் இடையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அவர் சொல்வது வீட்டுக் கதை மட்டும் இல்லை; அரை நூற்றாண்டாக மருத்துவ உலகமே அப்படித்தான் நம்பியது.

சீல் கொழுப்புக் கதை எங்கிருந்து வந்தது

1970இல் ஹான்ஸ் ஓலாஃப் பாங், யோர்ன் டூயபெர்க் என்ற இரண்டு டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் கிறீன்லாந்தின் ஊமன்னாக் பகுதிக்குப் போய் அங்குள்ள இனுயிட் மக்களின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். கடல் விலங்குக் கொழுப்பை அவ்வளவு சாப்பிட்டும் அவர்களுடைய கொலஸ்ட்ரோலும் ட்ரைகிளிசரைட்டும் டென்மார்க் மக்களைவிடக் குறைவாக இருந்தன. ஒமேகா-3 மீனெண்ணெய் வியாபாரம் உலகம் முழுக்கப் பரவியதற்கு விதை இதுதான்.

அந்த ஆய்வில் இன்னொரு விவரமும் உண்டு. டென்மார்க்கில் குடியேறி வாழ்ந்த இனுயிட் மக்களின் இரத்தக் கொழுப்பு, ஊரில் இருந்த இனுயிட் மக்களுடையதைவிட அதிகமாக இருந்தது. உங்கள் கணவர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் முக்கியமான ஒன்று: பாங்கும் டூயபெர்க்கும் அளந்தது இரத்தத்தை. மாரடைப்பு எத்தனை பேருக்கு வந்தது என்று அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கவில்லை. சுகாதாரப் பதிவுகளை நம்பினார்கள். வைத்தியரே இல்லாத சிறு குடியிருப்புகளில், படகிலும் பனியிலும் இறந்தவர்களின் காரணத்தை யார் எழுதி வைத்திருப்பார்கள்? உங்கள் கணவரின் சித்தப்பாவின் சாவு எந்தப் பதிவேட்டில் ‘மாரடைப்பு’ என்று ஏறியிருக்கும்? 2014இல் கனடாவின் ஜோர்ஜ் ஃபோடர் குழுவினர் பழைய தரவுகளையெல்லாம் மறுபடி பார்த்து, இனுயிட் மக்களுக்கும் மற்றவர்களைப் போலவே இதயத் தமனி நோய் வருகிறது, பாரிசவாதச் சாவுகள் இன்னும் அதிகம் என்று எழுதினார்கள். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறீன்லாந்து இனுயிட் மம்மிகளை சி.ரி. ஸ்கேனில் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்விலும் மூன்று பேரின் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு தெரிந்தது. அவர்கள் கடைச் சீனியையோ சிகரெட்டையோ கண்டவர்கள் இல்லை. மூடிய குடிலுக்குள் எரிந்த விளக்குப் புகை ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும், ‘எங்கட ஆட்களுக்கு வராது’ என்பது அன்றைக்கும் உண்மையாக இருக்கவில்லை.

அறிக்கையில் உள்ள மாற்றம் என்ன செய்கிறது

எல்டிஎல் என்பது இரத்தத்தில் கொலஸ்ட்ரோலைச் சுமந்து திரியும் துகள். கரைக்கு வரும் வள்ளங்களை இழுத்துக் கட்ட ஆட்கள் நிற்பதுபோல, அந்தத் துகள்களைப் பிடித்து உள்ளே எடுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. ஆட்கள் குறைந்தால் வள்ளங்கள் கடலிலேயே நிற்கும். அதுபோல ஏற்பி சரியாக வேலை செய்யாவிட்டால் எல்டிஎல் இரத்தத்திலேயே தங்கி, வருடக்கணக்கில் தமனிச் சுவருக்குள் புகும்.

ஜி137எஸ் மாற்றம் இந்த ஏற்பியைப் பலவீனப்படுத்துகிறது, முழுவதும் அழித்துவிடுவதில்லை. கிறீன்லாந்தின் இனுயிட் மக்களில் சுமார் 30 சதவீதம் பேர் இதைச் சுமக்கிறார்கள். ஒரு பிரதி இருந்தால் கெட்ட கொலஸ்ட்ரோல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறுகிறது. இரண்டு பிரதி இருந்தால் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. கனடாவின் இனுயிட் மக்களிடமும் இதே மாற்றம் உண்டு. சில கட்டுரைகளில் இதை 116 என்ற எண்ணோடு பார்ப்பீர்கள். அதுவும் இதுவும் ஒன்றே, குழம்ப வேண்டாம். இதைச் சுமப்பவர்களுக்கு இதயத் தமனி நோயும் கால் தமனி நோயும் கூடுதலாக வருவதைக் கிறீன்லாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம் என்றால், 3.5 இருக்க வேண்டியவருக்கு 4.2 வரும். உங்கள் கணவருக்கு 5.6. ஆக, மரபணு ஒரு பகுதியைத்தான் விளக்குகிறது. மிச்சத்துக்குச் சாப்பாடு, உடல் எடை, தைரொயிட் குறைபாடு போன்றவற்றைத் தேட வேண்டும். தைரொயிட் பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை, பார்க்கச் சொல்லுங்கள்.

“ஒரே இனம், ஒருவரிடம் கொழுப்பைத் தாங்கும் மரபணு, இன்னொருவரிடம் கொழுப்பை ஏற்றும் மரபணு, இது எப்படி?” என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. இரண்டும் ஒரே ஆளிடமே இருக்கலாம். 2015இல் வெளிவந்த ஆய்வொன்று, கொழுப்பமிலங்களை உடல் கையாளும் விதத்தைத் தீர்மானிக்கும் ‘எஃப்ஏடிஎஸ்’ மரபணுக்களில் ஒரு மாற்றம் கிறீன்லாந்து இனுயிட் மக்களிடம் அநேகமாக எல்லாரிடமும் இருப்பதைக் கண்டது. ஐரோப்பியரிடம் அது சுமார் 2 சதவீதம்தான். பல ஆயிரம் ஆண்டுகள் கடற்கொழுப்பையே உண்டு வாழ்ந்ததால் நிலைத்த மாற்றம் அது. அந்த உணவோடு சேரும்போது அது உதவுகிறது. ஆனால் அந்த மாற்றம் இருப்பதால் பலவீனமான எல்டிஎல் ஏற்பி பலமாகிவிடாது. ஓர் இனத்தின் பெயர், எந்த மரபணுவைத் தேட வேண்டும் என்று வைத்தியருக்கு வழி காட்டும். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த ஆளின் இரத்தத்தில் அளந்த எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எச்டிஎல் பற்றி அவர் சொல்வதற்கும் பதில் தர வேண்டும். 1.9 என்பது நல்ல எண்தான். இனுயிட் மக்களிடம் பரவலாக இருக்கும் ‘சிபிடி1ஏ’ என்ற இன்னொரு மரபணு மாற்றமும் எச்டிஎல் உயர்வோடு தொடர்புடையது. ஆனால் எச்டிஎல் ஏறியிருப்பதால் எல்டிஎல் செய்யும் கேடு கழிந்துவிடும் என்பது பழைய எண்ணம். இதை மறுபக்கமாக மெக்சிக்கோவின் பழங்குடி மக்களிடம் பார்க்கலாம். அவர்களிடம் ‘ஏபிசிஏ1’ மரபணுவில் அமெரிக்கப் பழங்குடிகளுக்கே உரிய ஒரு மாற்றம் உண்டு. அது எச்டிஎல்லைக் குறைக்கிறது. ஆனால் அதைச் சுமப்பவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. ஓர் ஆய்வில் இளவயது இதய நோய் குறைவாகவே இருந்தது. எச்டிஎல்லை உயர்த்தும் மருந்துகள் பலவற்றைச் சோதித்துப் பார்த்தும் எதிர்பார்த்த பலன் வரவில்லை. எச்டிஎல் எண்ணை வைத்து நிம்மதி அடைவதும் பயப்படுவதும் இரண்டுமே சரியான வழி இல்லை. உங்கள் வீட்டில் எடுபட வேண்டிய எண் 5.6.

நீங்கள் மாற்றிய சாப்பாடு

இதைக் கொஞ்சம் கவலையோடு எழுதுகிறேன், ஏனென்றால் அன்பினால் செய்திருக்கிறீர்கள். சீல், திமிங்கிலக் கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு குறைவு; ஒமேகா-3யும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பும் அதிகம். தேங்காயெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. அது எல்டிஎல்லை ஏற்றும். அவருடைய ஊர்ச் சாப்பாட்டை நிறுத்தி அதற்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் கொடுத்தால் எல்டிஎல் இறங்க வழியில்லை. மீனெண்ணெய்க் கப்சூல் ட்ரைகிளிசரைட்டைக் குறைக்கும், எல்டிஎல்லைக் குறைக்காது. அவருடைய ட்ரைகிளிசரைட் ஏற்கனவே 0.8தான். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

மூன்று வேளைச் சோற்றில் இன்னொரு விடயம் இருக்கிறது. கிறீன்லாந்து மக்களிடம் ‘டிபிசி1டி4’ என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதை 2014இல் கண்டுபிடித்தார்கள். சாப்பிட்ட சர்க்கரையைத் தசைகள் இழுத்துக்கொள்வதை அது தடுக்கிறது. இரண்டு பிரதியும் மாறியிருப்பவர்கள் அங்கு சுமார் 4 சதவீதம். அவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு. இதில் வைத்தியர்களையே ஏமாற்றும் ஒன்று உண்டு: இவர்களுடைய வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் பல நேரம் சரியாகவே இருக்கும். சாப்பிட்ட பிறகுதான் ஏறும். அதனால் கணவருக்கு எச்பிஏ1சி சரி என்பதோடு நிற்காமல், குளுக்கோஸ் கரைசல் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையை ஒரு தடவை செய்யக் கேளுங்கள். அவருக்கு இந்த மாற்றம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று தெரியும்வரை குவித்துப் போட்ட வெள்ளைச் சோறு வேண்டாம் என்கிறேன்.

மீன், காய்கறி, பருப்பு, குரக்கன், ஓட்ஸ் எல்லாம் இரு வீட்டாருக்கும் பொதுவாக அமையக்கூடிய சாப்பாடு. மத்தாக் அவருக்கு ஊர் நினைவு. விசேட நாட்களில் மேசைக்கு வரட்டும். பிள்ளைகளுக்கும், மறுபடி கர்ப்பமானால் உங்களுக்கும், திமிங்கில இறைச்சி அடிக்கடி வேண்டாம். காரணம் கொழுப்பு இல்லை. வடதுருவக் கடலில் சேர்ந்திருக்கும் பாதரசம் போன்ற நச்சுகள் பெரிய கடல் விலங்குகளில் கூடுதலாகத் தங்குகின்றன.

குளிசை

சாப்பாட்டால் மட்டும் 5.6 போதிய அளவு இறங்காது. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி எல்டிஎல் 4.9க்கு மேல் இருந்தாலே அவர் உயர் ஆபத்துப் பிரிவில் வருகிறார். பாதிக்கு மேல் குறைத்து, 1.8க்குக் கீழ் கொண்டுவருவது இலக்கு. ஸ்டாட்டின் கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரோல் உற்பத்தியைக் குறைக்கும்; தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் கூடுதல் ஏற்பிகளை உருவாக்கி இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்கும். அவருடைய இரண்டு பிரதிகளில் ஒன்று முழு நலத்தோடு இருப்பதால் குளிசை வேலை செய்ய இடம் நிறைய இருக்கிறது. ‘மரபணுவில் வந்ததற்கு மருந்து என்ன செய்யும்’ என்று அவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். எல்டிஎல் 1 மில்லிமோல் இறங்கினால், மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகின்றன என்பது பல லட்சம் பேரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டது. அவருக்கு மூன்று நான்கு மில்லிமோல் இறங்க வேண்டியிருக்கிறது.

பக்கவிளைவுகள் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்குத் தசை வலி வரும். சர்க்கரை எல்லையில் இருப்பவர்களுக்கு நீரிழிவு வாய்ப்புச் சற்றுக் கூடும். முதலில் அந்த இரண்டு மணி நேரச் சோதனையைச் செய்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் அளவைக் குறைத்து, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் இன்னொரு மருந்தான எசெட்டிமைப் சேர்க்கலாம். வழிகள் உண்டு.

ஆனால் முடிவு அவருடையது. குளிசையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், சகோதரி. அது அவருடைய உடல் மீது அவருக்குள்ள உரிமையைப் பறிப்பது. தெரியவந்தால் அடுத்த பத்து வருடத்துக்கு எந்த மருந்தையும் அவர் தொடமாட்டார். அதற்குப் பதிலாக, அவருடைய தமனிகளை அவரே பார்க்கட்டும். கழுத்துத் தமனி அல்ட்ராசவுண்டோ, இதயத் தமனிகளின் சுண்ணாம்பு அளவைக் காட்டும் சி.ரி. ஸ்கேனோ செய்ய முடியுமா என்று கேளுங்கள். படிவு தெரிந்தால் வாதம் முடிந்தது. தெரியாவிட்டாலும் 5.6 மறைந்துபோகாது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தகப்பனின் பாரிசவாதத்தையும் சித்தப்பாவின் சாவையும் வைத்தியரிடம் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். நாம் சொல்வதைவிட, தானே வரிசைப்படுத்திச் சொல்லும்போது மனிதருக்கு உறைக்கும்.

சிகரெட்டைப் பற்றி ஒரே வார்த்தை: ஐந்தாறுதானே என்று விடாதீர்கள். அந்த எல்டிஎல்லோடு சேரும்போது ஐந்தும் அதிகம்.

பிள்ளைகள்

மகனைப் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் படித்தது மேலே சொன்ன சிபிடி1ஏ மாற்றத்தைப் பற்றியது. இரண்டு பிரதியும் மாறிய கைக்குழந்தைகளுக்கு, காய்ச்சலிலோ வாந்தியிலோ நீண்ட நேரம் சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம். இதற்குத் தாய் ஒரு பிரதியும் தகப்பன் ஒரு பிரதியும் கொடுத்தாக வேண்டும். வடதுருவ மக்களுக்குரிய அந்த மாற்றம் வடமராட்சியில் பிறந்த உங்களிடமிருந்து வர வாய்ப்பில்லை என்றே சொல்லலாம். மகனிடம் ஒரு பிரதி இருந்தாலும் இந்த ஆபத்து அவனுக்கு இல்லை. டிபிசி1டி4 நீரிழிவுக்கும் இதே கணக்குத்தான். ஊரில் கணவரின் அண்ணன் தம்பிமார், அக்கா தங்கையின் வீட்டில் கைக்குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அங்கே இது பொருந்தலாம்.

இப்போது அந்த உறவினர் சொன்னதை எடுங்கள். வேற்று இனத்தில் கட்டியதால் இரத்தம் பழுதானதாம்! இரண்டு பிரதியும் தேவைப்படும் நோய்களில் உங்கள் கலியாணம் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. இத்தகைய நோய்கள் கூடுவது நெருங்கிய சொந்தத்துக்குள், மச்சான் மச்சாள் முறைக்குள் கட்டும்போதுதான். அதோடு, பரம்பரையாக எல்டிஎல் ஏறும் நோய் உலகின் எல்லா இனத்திலும் இருக்கிறது. பொதுவாக 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு வருகிறது, நம்மவர் அதற்கு விலக்கு இல்லை. நீங்கள் யாருக்கும் எந்தக் கேடும் செய்யவில்லை. இந்தப் பேச்சை உங்கள் மகளின் காதில் விழ விடாதீர்கள்.

எல்டிஎல் ஏற்பி மாற்றத்துக்கு மட்டும் ஒரு பிரதி போதும். கணவரிடம் ஒரு பிரதி இருப்பதால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. யார் முகச்சாயல் யாருக்கு என்பதை வைத்து ஊகிக்க முடியாது. மகளுக்கு 9 வயது. இப்போதே இரத்தக் கொழுப்புப் பார்க்கலாம். மகனுக்கு 5 வயது முடியட்டும், அதுவரை அவசரமில்லை. மரபணுச் சோதனைக்கு முன் சாதாரண எல்டிஎல் அளவையே பாருங்கள். ஏறியிருந்தாலும் மகளுக்கு நாளைக்கே குளிசை என்று அர்த்தமில்லை. கடுமையான பரம்பரை எல்டிஎல் நோயில் 8 முதல் 10 வயதில் மருந்து தொடங்குவது வழக்கம். ஜி137எஸ் அவ்வளவு கடுமையானது இல்லை. பிள்ளைகளின் லிப்பிட் (இரத்தக் கொழுப்பு) கிளினிக்கில் எண்ணைப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

ஆய்வுக்கு இரத்தம் கொடுப்பதா

மாமியாரை மூடநம்பிக்கைக்காரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். 1960, 70களில் கிறீன்லாந்துப் பெண்கள், பள்ளிச் சிறுமிகள் உட்பட ஆயிரக்கணக்கானோருக்கு, பலருடைய ஒப்புதல் இல்லாமலேயே கருத்தடை வளையம் பொருத்தப்பட்டது. டென்மார்க் அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது 2025இல்தான். உங்கள் மாமியாரின் வயதை யோசியுங்கள். அவருடைய பயத்துக்கு வேர் இருக்கிறது. அமெரிக்காவில் ஹவசுப்பாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வு என்று நம்பிக் கொடுத்த இரத்தத்தை, அவர்களைக் கேளாமல் மனநோய் ஆய்வுக்கும் பூர்வீக ஆய்வுக்கும் பயன்படுத்தினார்கள். வழக்குப் போட்டு, 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டொலர் கொடுத்துச் சமரசம் செய்தது.

மறுபக்கமும் உண்மை. உங்கள் கணவரின் அறிக்கையில் உள்ள ஜி137எஸ்ஸும், நான் சொன்ன டிபிசி1டி4உம் இன்றைக்கு நமக்குப் புரிவது, 1999 முதல் நடந்த சுகாதார ஆய்வுகளில் கிறீன்லாந்து மக்கள் இரத்தம் கொடுத்ததால்தான். உலகின் மரபணு ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பியரைப் பற்றியது. அவற்றிலிருந்து உருவாக்கும் ஆபத்துக் கணக்குகள் இனுயிட் மக்களுக்கும் சரியாகப் பொருந்துவதில்லை, நமக்கும் பொருந்துவதில்லை. கொடுக்காமல் ஒதுங்குவதற்கும் விலை உண்டு.

என் சொந்த அபிப்பிராயம், கேட்பவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைத்தால் கொடுக்கலாம். இந்த இரத்தம் எந்த ஆய்வுக்கு, வேறு ஆய்வுக்கு மாற்றினால் மறுபடி ஒப்புதல் கேட்பார்களா, மாதிரி எங்கே இருக்கும், யார் யாருக்குக் கொடுப்பார்கள், கிறீன்லாந்தின் ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா, சிகிச்சைக்குப் பயன்படும் முடிவு கிடைத்தால் அவருக்குச் சொல்வார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை அவருக்கு உண்டு. விலகினாலும் ஆஸ்பத்திரிச் சிகிச்சையில் எந்தக் குறைவும் வரக்கூடாது. பதில்களை மாமியாருக்கு அவருடைய மொழியில் மகன் வாசித்துக் காட்டட்டும். மாமியார் அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், தன் இரத்தத்தை அவர் கொடுக்க வேண்டாம். மகனுடையதை மகன் தீர்மானிப்பார்.

காப்புறுதி பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். டென்மார்க் காப்புறுதிச் சட்டப்படி, எதிர்காலத்தில் வரக்கூடிய நோயைக் காட்டும் மரபணுச் சோதனை முடிவை நிறுவனம் கேட்கவோ பயன்படுத்தவோ முடியாது. ஆனால் இப்போது இருக்கும் நோயையும் சிகிச்சையையும் பற்றிக் கேட்கலாம். அளந்த கொலஸ்ட்ரோலும் சாப்பிடும் குளிசையும் அதில் வரும். ஆயுள் காப்புறுதி எடுக்கப்போகிறீர்கள் என்றால் படிவத்தில் பொய் எழுதாதீர்கள். கையெழுத்துக்கு முன் அந்த ஊர்ச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

ஒரே வரியில் நீங்கள் கடந்துபோனது

உங்கள் தகப்பனார் 49 வயதில் போனார். இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்களுடைய ஒரு எண்கூட இல்லை. இதயம், நீரிழிவு இரண்டிலும் நம்மவர் ஆபத்து குறைந்தவர்கள் இல்லை. மற்றவர்களைவிட இளவயதில், குறைந்த உடல் எடையிலேயே வருகிறது. தாழ்ந்த எச்டிஎல், ஏறிய ட்ரைகிளிசரைட், வயிற்றைச் சுற்றிய கொழுப்பு ஆகியவை நம்மிடம் பரவலாகக் காணப்படுபவை. அத்துடன் எல்டிஎல் போலவே கொலஸ்ட்ரோலைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன்(ஏ) என்ற துகள் ஒன்று உண்டு. அதன் அளவைப் பெரும்பாலும் பரம்பரையே தீர்மானிக்கிறது. சாப்பாட்டாலும் நடையாலும் அதிகம் மாறாது. வழமையான கொலஸ்ட்ரோல் பரிசோதனையில் தெரியாது. வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். டெசிலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எல்லா ஆபத்துகளையும் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும். அது உங்கள் பிள்ளைகளுக்கும் போயிருக்கலாம். தகப்பனிடமிருந்து எல்டிஎல் ஏற்பி மாற்றமும் உங்களிடமிருந்து இதுவும் ஒரே பிள்ளைக்குச் சேர்ந்தால், அந்தப் பிள்ளையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கணவருக்கு அடுத்து நாள் எடுக்கும்போது உங்களுக்கும் சேர்த்து எடுங்கள். வைத்தியரிடம் தகப்பனாரின் வயதைச் சொல்லி, எல்டிஎல், எச்டிஎல், ட்ரைகிளிசரைட், எச்பிஏ1சி, லிப்போபுரோட்டீன்(ஏ) ஐந்தையும் கேளுங்கள். குளிசை வேண்டாம் என்று சொல்லும் கணவரிடம், “இரண்டு பேரும் ஒன்றாக இரத்தம் கொடுத்துப் பார்ப்போம், வாங்கோ” என்று கூப்பிட்டுப் பாருங்கள். வருவார் என்று நினைக்கிறேன். உங்கள் இருவரின் எண்களும் மகளின் எண்ணும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.